எஞ்சி நிற்பது

பாத்திரக் கடையில் காந்தத்தை வைத்துப் பார்த்து வாங்குகிற அம்மாக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒட்டவில்லை என்றால் நல்ல எவர்சில்வர், ஒட்டினால் மட்டம் என்பது அவர்கள் கணக்கு. பெரும்பாலும் சரியான கணக்குதான். ஆனால் ஓர் இடத்தில் அது வழுக்கும். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள 304 ரகத் தகட்டில் செய்த சமையலறை சிங்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டையான இடத்தில் காந்தம் நிற்காது. ஆழமாக இழுத்து வளைத்த மூலையில் வைத்தால் லேசாகப் பிடிக்கும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. ஒரே தகடு, ஒரே உலோகம். பிரஸ்ஸில் வைத்து அழுத்தியபோது அந்த மூலையில் மட்டும் அணுக்கள் வேறு மாதிரி அடுக்கிக்கொண்டன, அவ்வளவுதான். அதே சிங்க்கை ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ச்சி வேகமாகக் குளிர வைத்தால் மூலையும் பழையபடி காந்தத்தை விட்டுவிடும்.

வளைத்தால் மாறும், காய்ச்சினால் திரும்பும். நான் படித்த உலோகவியலும் இப்போது பார்க்கும் வேலையும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும் என்று சில நாள் தோன்றும். கோவையில் ஒரு சின்னப் பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறேன். உடைந்தது, வெடித்தது, தேய்ந்தது, அளவு மாறியது என்று இரும்புத் துண்டுகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவருவார்கள். ஏன் இப்படி ஆச்சு என்று கேட்பார்கள். நான் அறுத்து, மெருகேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஒரு ரிப்போர்ட் எழுதித் தருவேன். அந்தத் துண்டுகளில் அடிக்கடி சந்திக்கும் ஒரு பொருளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். புத்தகத்தில் அதன் பெயர் ரிடெய்ன்ட் ஆஸ்டினைட். நான் எனக்குள் வைத்திருக்கும் பெயர் ‘மிச்சம்’.

எஃகைச் செஞ்சூட்டுக்குக் காய்ச்சும்போது அதன் அணுக்கள் ஒரு குறிப்பிட்ட ஒழுங்குக்கு வருகின்றன. ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும் ஒவ்வோர் இரும்பு அணு. இதுதான் ஆஸ்டினைட். லண்டனில் அரசு நாணயச் சாலையில் வேலை பார்த்த ராபர்ட்ஸ்-ஆஸ்டன் என்ற வேதியியலாளரின் நினைவாக ஃபிரெஞ்சுக்காரர் ஃப்ளோரிஸ் ஆஸ்மாண்ட் வைத்த பெயர். இந்த அடுக்கில் கார்பனுக்கு நல்ல இடம் உண்டு. எடையில் 2 சதவீதம் வரைகூடக் கரைந்துகொள்ளும். மெதுவாக ஆறவிட்டால் கார்பன் அணுக்கள் நகர்ந்து வெளியேறித் தனியாக ஒதுங்கிவிடும். எஃகு மென்மையாகிவிடும். திடீரென்று எண்ணெயில் முக்கினால் அவை நகர நேரமில்லை. இரும்பு அணுக்கள் மட்டும் கூட்டமாக, ஒரே தள்ளலில், சற்றே சாய்ந்து இன்னோர் அடுக்குக்குப் போய்விடும். கார்பன் நடுவில் மாட்டிக்கொள்ளும். அந்த நெரிசல்தான் கடினம். அதற்கு மார்டென்சைட் என்று பெயர். ஜெர்மானியரான அடால்ஃப் மார்டென்ஸின் நினைவாக இதையும் ஆஸ்மாண்ட்தான் பெயரிட்டார்.

உலோகவியலாளர்கள் இந்த மாற்றத்தை ‘படை மாற்றம்’ என்பார்கள். அணுக்கள் தனித்தனியாக அலைந்து இடம் பிடிக்காமல் அணிவகுப்பு போல ஒன்றாக நகர்வதால் அந்தப் பெயர். மற்றதெல்லாம் ‘குடிமக்கள் மாற்றம்’. ஆனால் எந்தப் படையிலும் உத்தரவு கடைசி வரிசை வரை போய்ச் சேர்வதில்லை. இங்கேயும் அப்படித்தான்.

மார்டென்சைட் உருவாவது குளிர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைப் பொறுத்ததல்ல, எவ்வளவு தூரம் குளிர்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு வெப்பநிலையில் தொடங்கும். இன்னும் குளிர்ந்தால் இன்னும் கொஞ்சம் மாறும். குளிர்வதை நிறுத்தினால் மாறுவதும் நின்றுவிடும். கார்பனும் குரோமியமும் கூடக்கூட அந்தத் தொடக்கப் புள்ளி கீழே இறங்கும். 1959-ல் கொய்ஸ்டினென், மார்பர்கர் என்ற இருவர் இதற்கு ஒரு எளிய சூத்திரம் தந்தார்கள். அதன்படி 210 டிகிரியில் மாறத் தொடங்கும் எஃகை நம் ஊர் 30 டிகிரிக்குக் கொண்டுவந்தால் நூற்றில் சுமார் 14 பங்கு மாறாமல் நிற்கும். 150 டிகிரியில்தான் தொடங்கும் என்றால் 27 பங்கு நிற்கும். 30 டிகிரி என்பது நமக்கு வீடு. எஃகுக்கு அது பாதி வழியில் ஒரு பஸ் ஸ்டாப். பயணம் முடிந்துவிட்டது என்று நாம் நினைத்து இறக்கி எடுத்துக்கொண்டு போகிறோம். கடினமான மார்டென்சைட் ஊசிகளுக்கு நடுவே, செஞ்சூட்டில் இருந்த அதே பழைய அடுக்கோடு, திட்டுத் திட்டாக ஆஸ்டினைட் உட்கார்ந்திருக்கிறது.

சும்மா உட்கார்ந்திருந்தால் பரவாயில்லை. சிக்கல், அது எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்பதுதான். மாறினால் வீங்கும். ஆஸ்டினைட் மார்டென்சைட் ஆகும்போது கன அளவு சுமார் 4 சதவீதம் கூடுகிறது. 50 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு துண்டில் நூற்றில் ஒரு பங்கு ஆஸ்டினைட் மாறினால் போதும், நீளம் ஆறேழு மைக்ரான் கூடிவிடும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் துல்லிய அளவுக் கட்டைகளில் ஒரு மைக்ரான் கூடினாலே கதை முடிந்தது. ஸ்வீடனில் எஸ்கில்ஸ்டூனாவின் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன் 1896-ல் யோசித்த கேஜ் பிளாக்குகளை இன்றும் உலகம் முழுக்க அளவுக்கு ஆதாரமாக வைத்திருக்கிறோம். அலமாரியில் யாரும் தொடாமல் இருக்கும்போதே அளவுகோல் வளர்ந்தால் எதை வைத்து எதை அளப்பது? அதனால்தான் அந்த வகை எஃகை உறைநிலைக்கு வெகு கீழே குளிர்விப்பதும் மறுபடி மிதமாகக் காய்ச்சுவதுமாகப் பலமுறை மாற்றி மாற்றிச் செய்வார்கள். மிச்சத்தையெல்லாம் முன்கூட்டியே மாறவைத்துத் தீர்த்துவிடும் வேலை அது.

படிப்பு முடித்த புதிதில் ஒரு ஹார்டனிங் பட்டறையில் ஆறு மாதம் பயிற்சிக்குப் போனேன். ஃபர்னஸ் ஓட்டும் அண்ணன் பத்தாவது வரை படித்தவர். எண்ணெயிலிருந்து எடுத்த துண்டு கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் அடுத்த வேலைக்குப் போயாக வேண்டும் என்பது அவர் சட்டம். நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று யாராவது சொன்னால் “ஆறின கஞ்சி பழங்கஞ்சிங்க அம்மிணி” என்பார். அவர் சொன்னதற்குப் பாடப்புத்தகத்தில் ‘நிலைப்படுதல்’ என்று பெயர். மிஞ்சிய ஆஸ்டினைட்டை அறை வெப்பத்தில் சில மணி நேரம் விட்டுவைத்தால் அது இறுகிப் பழகிவிடும். பிறகு திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் போட்டாலும் முன்பு மாறியிருக்கக்கூடிய அளவு மாறாது. ஆறப்போடுதல் என்ற சொல்லுக்குத் தமிழில் குளிர வைப்பது, தள்ளிப்போடுவது என்று இரண்டு அர்த்தமும் இருப்பதை அந்தப் பட்டறையில்தான் கவனித்தேன்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு டூல் ரூம் முதலாளி எங்கள் கூடத்துக்கு வந்தார். கூடவே ஐம்பதைத் தாண்டிய ஒருவர், துணி சுற்றிய பொட்டலத்தோடு. முதலாளி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் வாசலிலேயே நின்றார். பொட்டலத்தில் ஒரு பன்ச். எச்.சி.எச்.சி.ஆர் என்று இங்கே எல்லோரும் சொல்லும், கார்பனும் குரோமியமும் அதிகமுள்ள டை ஸ்டீல். முகத்தில் சிலந்தி வலை போலப் பொடிப்பொடியாக விரிசல்.

“கிரைண்டிங்ல வெடிச்சிருச்சு மேடம். இவரு ஃபீட் ஜாஸ்தி குடுத்துட்டாரு. அதை ஒரு லைன் ரிப்போர்ட்ல எழுதிக் குடுத்துட்டீங்கன்னா போதும்.”

ஹார்டனிங் யார் போட்டது என்று கேட்டேன். வெளியே ஒரு பட்டறையில். சார்ட் இருக்கிறதா என்றேன். “அவங்களோட சண்டை வேண்டாங்க மேடம், நமக்கு அங்க கிரெடிட் ஓடிட்டு இருக்கு” என்றார். பன்ச்சின் விலையைக் கிரைண்டிங்காரரின் கூலியில் மாதாமாதம் பிடிப்பதாகப் பேச்சு. அதற்குத்தான் அந்த ஒரு லைன்.

முதலாளி ஃபோன் பேச வெளியே போனபோது நான் வாசலுக்குப் போய், “நீங்க சொல்லுங்கண்ணா, என்ன ஆச்சு?” என்றேன்.

“முப்பது வருசமாக் கல்லு ஓட்டறனுங்க. இது கல்லுக்குப் புடியே குடுக்கலீங்க அம்மிணி. கெட்டியா இருக்க வேண்டிய சாமான் மெத்துனு இருந்துச்சு. கல்லுல அப்பிக்குது. தண்ணி நல்லாத்தான் விட்டேன். ரெண்டாவது தடவை போறப்ப பொறி மாறுச்சு. நிறுத்திட்டுப் பாத்தா இப்படி.”

மெத்து என்ற சொல்தான் என்னை நிறுத்தியது. கடினத்தை அளந்தேன். ராக்வெல் 60-க்கு மேல் இருக்க வேண்டியது 56 காட்டியது. ஒரு சின்னத் துண்டை அறுத்து, மெருகேற்றி, அமிலம் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். மணிகள் பெருத்திருந்தன. கரையாமல் இருக்க வேண்டிய சின்னக் கார்பைடுகள் நிறையக் கரைந்துபோயிருந்தன. கறுத்த ஊசிகளுக்கு இடையே வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். பக்கத்து ஊர்ப் பொறியியல் கல்லூரிக்கு அனுப்பி எக்ஸ்-ரே எடுத்ததில் நூற்றுக்கு முப்பதை ஒட்டி வந்தது.

இதை வைத்து நடந்ததைப் பின்னோக்கிப் படிக்க முடியும். இந்த எஃகை 1020 டிகிரி வாக்கில் காய்ச்ச வேண்டும். அறுபது எழுபது டிகிரி ஏறிவிட்டால் கூடுதல் கார்பைடு கரையும். கார்பனும் குரோமியமும் ஆஸ்டினைட்டுக்குள் அதிகம் போகும். மாற்றம் தொடங்கும் புள்ளி கீழே இறங்கும். மிச்சம் கூடும். மிச்சம் மென்மையானது, அதனால்தான் 56. பிறகு சுமார் 200 டிகிரியில் ஒரே ஒரு டெம்பர் செய்து அனுப்பியிருக்கிறார்கள். சார்ட் கடைசியில் கைக்கு வந்தபோது அப்படித்தான் இருந்தது. அந்தச் சூட்டில் மார்டென்சைட்டின் முறுக்கு தளரும், ஆனால் ஆஸ்டினைட் பெரிதாக அசையாது. முப்பது பங்கு மிச்சத்தோடு பன்ச் கிரைண்டிங்குக்குப் போகிறது. கல்லின் அழுத்தமும் சூடும் சேர்ந்து மேல்தோலில் இருந்த ஆஸ்டினைட்டை அங்கேயே, அந்த நொடியிலேயே மாறவைக்கின்றன. புதிதாகப் பிறந்த, டெம்பர் பார்க்காத மார்டென்சைட் கண்ணாடி மாதிரி. தோல் வீங்குகிறது, உள்ளே இருப்பது வீங்கவில்லை. வெடிக்கிறது.

எனவே கிரைண்டிங்கில் வெடித்தது உண்மை. கிரைண்டிங்கால் வெடித்தது என்று எழுத முடியாது. ‘இல்’ ஏழாம் வேற்றுமை, ‘ஆல்’ மூன்றாம் வேற்றுமை. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த உருபுகள். இங்கே அந்த ஓர் உருபுக்கு ஒருவருடைய ஏழெட்டு மாதக் கூலி.

முதலாளிக்கு நம்பிக்கை வரவில்லை. “கிரைண்டிங்காரங்க கொஞ்சம் முன்ன பின்ன அழுத்தறதுதானே மேடம்” என்றார். அதுவும் முழுக்கப் பொய்யல்ல. நல்ல எஃகையும் கல்லால் கருக்கி வெடிக்க வைக்க முடியும். அதனால் ஒரு சோதனை சொன்னேன். அதே செட்டில் இன்னும் மூன்று பன்ச் இருந்தன. அவற்றை 520 டிகிரியில் இரண்டு தடவை டெம்பர் செய்யலாம், பிறகு இதே ஆள், இதே கல், இதே ஃபீடில் ஓட்டட்டும் என்றேன்.

ஏன் இரண்டு தடவை? முதல் தடவை 520-ல் வைத்திருக்கும்போது மிஞ்சிய ஆஸ்டினைட்டிலிருந்து கார்பன் கார்பைடாக வெளியேறுகிறது. அதன் இறுக்கம் போகிறது, மாற்றம் தொடங்கும் புள்ளி மேலே ஏறுகிறது. ஃபர்னஸை விட்டு வெளியே எடுத்து ஆறும்போதுதான் அது மார்டென்சைட் ஆகிறது. அதாவது முதல் டெம்பர் முடிந்த பிறகு துண்டுக்குள் புத்தம்புது மார்டென்சைட் இருக்கிறது. அதைப் பக்குவப்படுத்த இரண்டாவது டெம்பர். ஒரு தடவையோடு நிறுத்தினால் ஒரு பிரச்சினையைத் தீர்த்து இன்னொன்றை உள்ளே வைத்து அனுப்புகிறோம் என்று அர்த்தம்.

டெம்பர் போட்டால் மெதுவாகும் என்பது பட்டறைகளில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். இந்த மூன்றும் 56-லிருந்து 60-க்கு ஏறி வந்தன. முதலாளி அளவுக் கருவியைத் தட்டிப் பார்த்தார். கிரைண்டிங்கில் மூன்றும் சத்தமில்லாமல் முடிந்தன. ஒரு முடி விரிசல்கூட இல்லை.

ரிப்போர்ட்டில் நடந்ததை எழுதினேன். கூலிப் பிடித்தம் நின்றது. வருத்தம் தெரிவித்து யாரும் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. கிரைண்டிங்காரர் மட்டும் ஒரு சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து தனியாக வந்தார். அந்த வெள்ளைத் திட்டைத் தனக்குக் காட்ட முடியுமா என்று கேட்டார். மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதாங்களா? இத்தன வருசமா இதுகூடத்தான் மல்லுக்கட்டிட்டு இருந்தனா?”

அதற்கு முன் எத்தனை துண்டுகள் அவர் கையில் அப்படி வெடித்தன, எத்தனை தடவை அவர் பதில் சொல்ல முடியாமல் நின்றார் என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தில் இருந்தது.

இதுவரை படித்தவர்களுக்கு மிச்சம் என்பது ஒழித்துக்கட்ட வேண்டிய பொருள் என்றுதான் தோன்றும். வெகுகாலம் தொழிலும் அப்படித்தான் நினைத்தது. 1967-ல் பெர்க்லியில் ஸாக்கே, பார்க்கர் குழுவினர் வேறொரு வழியைக் காட்டினார்கள். ஆஸ்டினைட்டை வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். இழுக்க இழுக்க அது மார்டென்சைட் ஆகி, எஃகு உறுதியாகவும் அதே சமயம் நன்றாக நீளக்கூடியதாகவும் இருந்தது. இந்தக் குணத்துக்கு ட்ரிப் என்று பெயர். அவர்களுடைய எஃகில் நிக்கலும் குரோமியமும் நிறைய, விலையும் நிறைய. 1980-களில் மலிவான வழி வந்தது. 0.2 சதவீதம் கார்பன், ஒன்றரை மாங்கனீஸ், ஒன்றரை சிலிக்கான். தகட்டைப் பாதி மட்டும் ஆஸ்டினைட் ஆகும் சூட்டுக்குக் கொண்டுபோய், 400 டிகிரி வாக்குக்கு இறக்கி, சில நிமிடம் அங்கேயே நிறுத்துவார்கள். கார்பைடு உருவாகாமல் சிலிக்கான் தடுக்கும். போக்கிடமில்லாத கார்பன் மிஞ்சியிருக்கும் ஆஸ்டினைட்டுக்குள் குவியும், 1 சதவீதத்துக்கும் மேலே. அதனால் அறை வெப்பத்திலும் அது மாறாமல் நிற்கும். நூற்றில் பத்துப் பதினைந்து பங்கு.

இப்படிப்பட்ட தகடுகள் கார்களின் உடற்சட்டத்தில் இருக்கின்றன. மோதும்போது தகடு எங்கே முதலில் மெலியத் தொடங்குகிறதோ அங்கே இருக்கும் ஆஸ்டினைட் மாறி அந்த இடத்தைக் கெட்டியாக்குகிறது. நசுங்கல் பக்கத்து இடத்துக்கு நகர்கிறது. அங்கேயும் அதே கதை. ஓரிடத்தில் கிழிவதற்குப் பதில் பரவலாக மடங்கி, மோதலின் ஆற்றலைத் தகடு வாங்கிக்கொள்கிறது. பன்ச்சை வெடிக்க வைத்த அதே மாற்றம்தான் இங்கே உள்ளே இருப்பவர்களைக் காக்கிறது.

ஆனால் எந்த மிச்சமும் இந்த வேலைக்கு ஆகாது. கார்பன் குறைவான, பெரிய பெரிய திட்டுகள் முதல் அழுத்தத்திலேயே மாறித் தீர்ந்துவிடும், அவசரத்துக்கு இருக்காது. மிக நுண்ணியவை கடைசி வரை மாறாமலே இருந்துவிடலாம். சூடு கூடினால் மாறுவதற்கு இன்னும் அதிகத் தள்ளல் தேவை. ஏற்கெனவே பலமாக அடிபட்டு உருக்குலைந்த ஆஸ்டினைட்டும் எளிதில் மாறாது. உள்ளே குழம்பிக் கிடக்கும் குறைபாடுகள் அந்த அணிவகுப்பின் வழியை மறித்துவிடும். எவ்வளவு மிச்சம், எவ்வளவு கார்பனோடு, என்ன அளவில், எப்போது மாற வேண்டும் என்று எல்லாவற்றையும் முன்னாலேயே யோசித்து வைத்தால்தான் அது சேமிப்பு. யாரும் யோசிக்காமல் விட்டுப்போனால் கடன். அந்தக் கடனை வாங்கியவர் ஃபர்னஸ் பக்கம் இருப்பார், கட்டுகிறவர் கிரைண்டிங் கல் பக்கம் நிற்பார்.

இதை அப்படியே வாழ்க்கைப் பாடமாக மாற்றி, மாறாமல் நிற்கும் மனிதர்களைப் பற்றி அழகாக நாலு வரி எழுதிவிடலாம்தான். எனக்கு அதில் விருப்பமில்லை. இதில் உருவகம் எதுவும் தேவையில்லை என்று தோன்றுகிறது. ஓர் இடத்தில் நடந்த தவறு இன்னோர் இடத்தில், இன்னொருவர் கையில், பல நாள் கழித்து வெடிக்கிறது என்பதே போதுமான அளவு மனித விஷயம். வெடிக்கும் இடத்தில் நிற்பவர் பெரும்பாலும் கூலி குறைந்தவராக, எழுதிக் கொடுக்கத் தெரியாதவராக இருக்கிறார்.

எங்கள் ரிப்போர்ட் படிவத்தில் முன்பு ‘காரணம்’ என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. இப்போது ‘எங்கே’ என்று ஒன்று, ‘எதனால்’ என்று இன்னொன்று. முதல் கட்டத்தை நிரப்பப் பத்து நிமிடம் போதும். இரண்டாவதற்குச் சில சமயம் மூன்று வாரம் ஆகிறது. வருகிறவர்களில் பாதிப்பேர் முதல் கட்டத்தை மட்டும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லி ஃபோன் செய்கிறார்கள். காத்திருக்கச் சொல்கிறேன்.